ஓரம் தெரியாத படங்கள்

கண்ணில் மண்ணைத் தூவுவதுதான் என் பிழைப்பு. படைக்குத் தைக்கப்போகும், காட்டில் ஆளை மறைக்கும் புள்ளிச் சட்டையை ஒருவனுக்குப் போட்டுப் படமெடுத்து, அந்த உருவத்தை வெட்டி, புதர்க்காட்டுப் படங்களில் கணினியில் ஒட்டுவேன். வெளியாட்கள் முப்பது பேர் திரைமுன் உட்கார்ந்து ஆளைத் தேடுவார்கள். கண்டதும் பொத்தானை அழுத்த வேண்டும். எத்தனை விநாடி தப்பிக்கிறானோ, அதுதான் துணிக்கு மதிப்பெண்.

படத்துக்கு நின்றவன் என் தம்பி. படையிலிருந்து விடுப்பில் வந்தவனை நான்தான் இழுத்துப் போனேன்.

"நின்னு நின்னு கால் மரத்துப்போச்சுக்கா. ஒளியறதுக்கா இவ்வளவு பாடு?" என்றான்.

வெட்டி ஒட்டிய உருவத்தின் ஓரம் துருத்திக்கொண்டு நின்றது. அரைகுறை வேலை எனக்கு ஆகாது. கை சும்மா இருக்காது. ஓரத்தை மங்கலாக்கினேன். புதரின் நிறத்தை அவன் தோளில் லேசாக ஏற்றினேன். பழைய துணியின் படங்களை எனக்கு முன்பிருந்தவர் ஏனோதானோவென்று ஒட்டியிருந்தார். அவற்றை நான் தொடவில்லை.

பழைய துணிக்கு நான்கு விநாடி, புதியதற்குப் பதினேழு. மேலாளர் எல்லோருக்கும் இனிப்பு வாங்கித் தந்தார். துணி தைக்கப் போனது. முதலில் கிடைத்தது தம்பியின் அணிக்கு.

மூன்று மாதம் கழித்து, ஒரு காலையில், அந்தச் சட்டையோடு காட்டில் நிற்கும் படத்தை அனுப்பினான். 'கண்டுபிடி பாக்கலாம்' என்று கீழே எழுதியிருந்தான். அம்மாவுக்குக் கண்ணில் புரை. ஊசியில் நூல் கோக்கக்கூட என்னைத்தான் கூப்பிடுவாள். விளையாட்டாகக் கைபேசியை நீட்டினேன். உடனே விரலை வைத்தாள்.

"இதோ நிக்கிறானே. எளைச்சுப்போயிட்டான்."

பெற்றவள் கண் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். மனசு கேட்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரியிடம் காட்டினேன். அவளுக்கும் இரண்டே விநாடிதான். முப்பது பேரையும் ஏமாற்றியது துணியல்ல, என் கை. காட்டில் அவன் ஓரத்தை மங்கலாக்க யார் இருக்கிறார்கள்?

மேலாளரிடம் ஓடி எல்லாவற்றையும் சொன்னேன்.

"ஓரத்தை எதுக்கும்மா தொட்டே?"

"பாக்க அசிங்கமா இருந்துச்சு சார்."

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. "இன்னைக்கே எழுதறேன். ஆனா அது மேல போயி, திரும்பக் கீழ வரணுமே," என்று கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

அலுவலக வாசலிலேயே நின்று தம்பியைக் கைபேசியில் கூப்பிட்டேன்.

"பழைய சட்டை வெச்சிருக்கியாடா?"

"அதெல்லாம் திருப்பி வாங்கிட்டாங்கக்கா. ஏன், இது நல்லாத்தானே இருக்கு? எங்க அக்கா பாஸ் பண்ணின துணின்னு இங்க எல்லார்கிட்டயும் சொல்லிவெச்சிருக்கேன்."

மறைக்காமல் சொன்னேன்: துணி மறைக்காது, தப்பு என்னுடையது, மாற்றிக் கொடுக்க எத்தனை மாதமாகுமோ தெரியாது. அவன் தலையில் நானே மண்ணை வாரிப் போட்டுவிட்டேன் என்றும் சொன்னேன்.

"சரிக்கா," என்றான். "அம்மாகிட்ட சொல்லாதே."