இரண்டு கரை மருந்து

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் ஆடுகள் இரண்டைக் கொன்றது நான்தான். இதைச் சொல்லாமல் ஆரம்பித்தால், நான் சூசைநாதனைத் திட்டிய இடம் வரும்போது நீங்களும் என்னோடு சேர்ந்து அவரைத் திட்டுவீர்கள். அன்றைக்கு எங்கள் ஊர் குருவிநத்தம் முழுக்க அப்படித்தான் திட்டியது.

முப்பத்தாறாம் வருஷம், தை மாதம். எங்களிடம் மூன்று செம்மறிகள் இருந்தன. ராசப்பன் என்றொரு கிடா; மயிலி, குட்டச்சி என்று இரண்டு பெட்டைகள். மூன்றும் தாய் செத்த குட்டிகளாக வந்தவை. என் பெண்சாதி அமுதம் துணியைப் பாலில் நனைத்துச் சப்பவிட்டு வளர்த்தாள். விற்கவும் இல்லை, வெட்டவும் இல்லை. திருவிழாவுக்குக் கிடா கேட்டு வந்தவர்களை வாசலோடு திருப்பி அனுப்பியதில் பாதி ஊர் என்னோடு பேசுவதில்லை. பேசாவிட்டால் போகட்டும். ராசப்பன் என் குரல் கேட்டால் கரும்புக் கொல்லையின் அந்தக் கோடியிலிருந்து ஓடி வருவான். குட்டச்சி முந்தானையை மென்றே அமுதத்தின் புடவைகள் மூன்றைத் தீர்த்தாள். ஆடுதானே என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். இப்போதும் வரும்.

அந்த வருஷம் மழை விட்டதும் ஊர் ஆடுகளுக்கெல்லாம் குடலில் புழு. தாடைக்குக் கீழே நீர் கோத்துத் தொங்கியது. பாகூர் கொம்யூன் ஆபீசிலிருந்து தமுக்கு அடித்தார்கள். வியாழக்கிழமை பிற்பகல் புளியந்தோப்பில் சூசைநாதன் மருந்து ஊற்றுவார், எல்லோரும் ஆடுகளை ஓட்டி வர வேண்டும், வராதவர் பெயர் எழுதப்படும் என்றார்கள். கால்நடை டாக்டர் புதுச்சேரியில் கலந்து அனுப்புகிற மருந்தை ஊர் ஊராகக் கொண்டுபோய் ஊற்றுவதுதான் சூசைநாதன் வேலை. ஐம்பது வயசுக்காரர், அதிர்ந்து பேசமாட்டார்.

எங்கள் ஊருக்குத் தெற்கே பெண்ணையாறு. இந்தப் பக்கம் பிரெஞ்சுக்காரன் ராச்சியம், அந்தப் பக்கம் இங்கிலீஷ்காரன் ராச்சியம். துணியோ தீப்பெட்டியோ எதுவானாலும் இரண்டு கரையிலும் வாங்கிப் பார்ப்பது எங்களுக்குப் பழக்கம். இந்தக் கரை மருந்தில் பாதி தண்ணீர் என்று ஒரு பேச்சு இருந்தது. அக்கரையில் இருக்கும் என் மச்சான் கண்ணையன், அதே வியாழக்கிழமை காலையில் அங்கேயும் மருந்து ஊற்றுகிறார்கள் என்று சொல்லி அனுப்பினான். என் மூளை வேலை செய்தது. காலையில் அங்கே, மாலையில் இங்கே. இரண்டில் ஒன்று தண்ணீராக இருந்தாலும் இன்னொன்று கேட்கும். சும்மா கிடைப்பதை விடுவானேன்?

அமுதத்திடம் ஆற்றுப் படுகையில் மேய்க்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு, முழங்கால் தண்ணீரில் மூன்றையும் ஓட்டிக்கொண்டு போனேன். உண்மையைச் சொன்னால் விடமாட்டாள். அவளுக்கு எந்த மருந்தின் மேலும் நம்பிக்கை கிடையாது. அக்கரையில் ஊற்றிய மருந்து சிவப்பாக இருந்தது. மாலையில் சூசைநாதன் ஊற்றியது நீலம். நிறம் வேறு என்பதால் மருந்தும் வேறு என்று நினைத்துக்கொண்டேன். இரண்டும் ஒரே மாதிரி புகையிலை நாற்றம் அடித்தது. என் மூக்குக்குத் தெரிந்தது, மண்டைக்குத் தெரியவில்லை.

சூசைநாதன் ஊற்றுவதற்கு முன்னால் கேட்கத்தான் செய்தார். "மணவாளா, வேற எதனா மருந்து குடுத்துக்கிறியா?"

"இன்னாத்துக்குக் குடுக்கப்போறேன்? நீங்க ஊத்துங்க" என்றேன்.

வெள்ளிக்கிழமை விடிந்தபோது ராசப்பன் காலை உதைத்துக்கொண்டு கிடந்தான். வாயில் நுரை. நான் கூப்பிட்டேன். காது மட்டும் அசைந்தது. வெயில் ஏறுவதற்குள் போய்விட்டான். உச்சிப்பொழுதில் மயிலியும் விழுந்தாள். அமுதம் அழவில்லை. ஒன்றின் தலையிலிருந்து கையை எடுத்து இன்னொன்றின் தலையில் வைத்தாள், அவ்வளவுதான். அதைப் பார்த்து எனக்குப் பைத்தியம் பிடித்தது. பாகூர் வரைக்கும் நடந்தேன். கொம்யூன் வாசலில் சூசைநாதன் சட்டையைப் பிடித்தேன்.

"வெசத்த ஊத்திட்டியேடா பாவி! வாயில்லாததுங்கள இப்புடிக் கொல்ல உனக்கு எப்புடி மனசு வந்துது?"

அவர் என் கையைத் தட்டிவிடவில்லை. "எந்த ஆடு? எப்ப?" என்று மட்டும் கேட்டார். கூட்டம் கூடியது. ஆடு வைத்திருந்தவன், வைத்திராதவன் எல்லோரும் சேர்ந்து கொம்யூன் தலைவரான மேரிடம் மனுக் கொடுத்தார்கள். அளவு தெரியாமல் ஊற்றுகிறவனை வேலையை விட்டு எடுக்க வேண்டும் என்று எழுதினார்கள். முதல் கைநாட்டு என்னுடையது.

அன்று மாலை மயிலியைப் புதைக்கக் குழி வெட்டும்போதுதான் எனக்கு உறைத்தது. செத்துக் கிடந்தவள் வாயருகே குனிந்தேன். அதே புகையிலை நாற்றம். ஒரே மருந்தை ஒரே நாளில் இரண்டு தடவை குடிக்க வைத்திருக்கிறேன். மண்வெட்டி கையிலேயே நின்றுவிட்டது. பக்கத்தில் அமுதம் நின்றாள். சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பயம். மேருக்கோ கொம்யூனுக்கோ பயப்படவில்லை, அவளுக்குத்தான் பயந்தேன்.

சனிக்கிழமை காலையில் புதுச்சேரியிலிருந்து கால்நடை டாக்டர் சுப்பராயலு குதிரை வண்டியில் வந்தார். பக்கத்தில் சூசைநாதன் மருந்துப் புட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஊரே எங்கள் வாசலில் நின்றது. குட்டச்சி நான்கு காலையும் அகட்டி நின்றாள். நின்றாளே தவிர, உடம்பு நடுங்கிக்கொண்டே இருந்தது. அமுதம் அவள் கழுத்தைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தாள்.

டாக்டர் சூசைநாதனைக் கேட்டார். "இந்தப் புட்டியிலேருந்து எத்தனை ஆட்டுக்கு ஊத்தினே?"

"நாப்பத்திரெண்டு, முசே." ஐயா என்பதைக் கொம்யூன் ஆட்கள் பிரெஞ்சில் அப்படித்தான் சொல்வார்கள்.

"மத்ததெல்லாம் எப்படி இருக்கு?"

பக்கத்து வீட்டுக் கனகாம்பாள் முந்திக்கொண்டாள். "எங்க வூட்டு ஆடு நாலும் நல்லாத்தான் மேஞ்சிக்கினு கீது."

"அப்ப காரணம் மருந்து இல்லை" என்றார் டாக்டர். "செத்த ஆட்டுக்கு மூக்குல ரத்தம் வந்துதா?"

அமுதம்தான் சொன்னாள். "நொரையோட கொஞ்சம் வந்துதுங்க."

டாக்டர் இரண்டு அடி பின்னால் போனார். "அடைப்பானா இருக்கலாம். அடைப்பான்னா ஊர் மாடு பூராவும் போயிடும், மனுஷனுக்கும் ஒட்டும். செத்ததை அறுத்துப் பார்க்கவும் கூடாது. மூணாவதையும் இப்பவே கொன்னு, சுண்ணாம்பு கொட்டி ஆழமாப் புதைக்கணும்."

கூட்டம் விலகியது. நேற்று எனக்காகக் கத்தியவர்கள்தான் முதலில் விலகினார்கள்.

"அது நிக்குது பாருங்க, டாக்டரய்யா" என்றாள் அமுதம். "நிக்கறதப் போயி கொல்லச் சொல்றீங்களே."

"அடைப்பான் இல்லீங்க" என்றேன்.

"உனக்கு எப்படித் தெரியும்?"

நான் அமுதத்தைப் பார்த்தேன். டாக்டர் கொஞ்சம் காத்திருந்து பார்த்தார். பிறகு சுண்ணாம்பு கொண்டு வரச் சொல்லி ஆளை அனுப்பினார்.

அப்போது சூசைநாதன் வண்டியிலிருந்து இறங்கினார். "முசே, ஒரு நிமிசம். இவுரு ஆட்ட ஓட்டியாந்தப்ப ஒரே நெரிசல். இதுங்களுக்கு நான் ரெண்டு தபா ஊத்திட்டேன்னு நெனைக்கிறேன்."

"நெனைக்கிறியா, நிச்சயமா?"

அவர் குட்டச்சியைப் பார்த்தார். அமுதத்தைப் பார்த்தார். "நிச்சயந்தான், முசே."

அவர் ஊற்றியது ஒரே தடவை. அது எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். நிற்கிற ஆட்டைக் கொல்ல அவருக்கு மனசு வரவில்லை.

டாக்டருக்கு முகம் சிவந்தது. "இருபது வருஷ வேலை. இதை எழுதிக் குடுத்தா என்ன ஆகும்னு தெரியுமா?"

"தெரியும், முசே."

"சரி, எழுது. ஏம்மா, ரெண்டு தடவை குடிச்சிருந்தா முறிவு உண்டு. முட்டை வெள்ளைக்கரு, பால், அடுப்புக் கரியைத் தூளாக்கிக் கலக்கணும். சீக்கிரம்."

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதை மறைக்கமாட்டேன். குட்டச்சி பிழைப்பாள், அமுதத்துக்கு ஒன்றும் தெரியப்போவதில்லை, பழி தானாக வந்து இன்னொருவர் தலையில் உட்கார்ந்துவிட்டது. நான் வாயைத் திறக்காமல் நின்றால் போதும். நின்றேன். சூசைநாதன் வண்டிச் சக்கரத்தின் மேல் காகிதத்தை வைத்து எழுத ஆரம்பித்தார்.

அமுதம் எழுந்தாள். நேராக அவர் முன்னால் போய் நின்றாள். இரண்டு நாளாக அழாதவள் அப்போது அழுதாள்.

"நேத்தே சொல்லக் கூடாதா? சொல்லியிருந்தா மயிலியாச்சும் நின்னிருக்குமே! நீ புள்ளகுட்டி பெத்தவன்தானே?" குனிந்து தரையிலிருந்து ஒரு கை மண்ணை வாரினாள். "உன் வூடு வெளங்குமா..."

கூட்டத்தில் பெண்கள் ஐயோ என்றார்கள். வயிறெரிந்து ஒருத்தி மண் வாரித் தூற்றினால் அந்தக் குடும்பமே அழிந்துபோகும் என்று நம்புகிற ஊர் எங்கள் ஊர். நானும் நம்புகிறவன்தான். சூசைநாதன் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். எழுதுகோல் காகிதத்தின் மேலேயே இருந்தது.

பாய்ந்து போய் அவள் மணிக்கட்டைப் பிடித்தேன்.

"அவுருமேல போடாத. நான்தான்."

"இன்னா நீங்க?"

"அவுரு ஒருதபாதான் ஊத்துனாரு. காலையிலேயே அக்கரைக்கு ஓட்டிம்போயி அங்கியும் ஊத்திக்கினு வந்தேன். மேய்க்கப் போறேன்னு சொன்னது பொய். இவுரு கேட்டப்ப இல்லைன்னு சொன்னதும் பொய். மயிலியப் பொதைக்கறப்பவே எனக்குத் தெரியும்."

டாக்டர் சூசைநாதனிடமிருந்து காகிதத்தைப் பிடுங்கிக் கிழித்தார். என்னை ஏதோ திட்டினார், பாதி பிரெஞ்சில். அது எதுவும் எனக்கு ஏறவில்லை. அமுதத்தின் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த மண் என்மேல் விழட்டும் என்று காத்திருந்தேன். அவள் விரல்களை விரித்தாள். மண் அவள் காலடியிலேயே கொட்டியது. தூற்றியிருந்தால் எனக்கு எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

கனகாம்பாள் ஓடிப்போய் முட்டை கொண்டுவந்தாள். அமுதம் கரியை அம்மியில் பொடித்துப் பாலில் கலந்தாள். என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஆட்டின் வாயை அண்ணாத்திப் பிடித்து மூங்கில் குழாயால் ஊற்றுவது எங்கள் வீட்டில் எப்போதும் என் வேலை. பழக்க தோஷத்தில் குட்டச்சி பக்கத்தில் போய் உட்கார்ந்து கையை நீட்டினேன்.

அமுதம் குழாயை என்னைத் தாண்டி நீட்டினாள்.

"அண்ணே, நீங்க ஊத்துங்க" என்றாள் சூசைநாதனிடம். "அவுங்க கை வேணாம்."

அவர் என்னை ஒரு தடவை பார்த்தார். நான் எழுந்து இடம் விட்டேன். அவர் மண்டிபோட்டு உட்கார்ந்து, குட்டச்சியின் தாடையைத் தூக்கி, அவசரப்படாமல் ஊற்றினார். அவள் விழுங்கினாள்.