சாவிச் சத்தம்

குட்டிகளுக்கு இடி பழகிவிட்டிருந்தது. தினமும் காலையில், அவை தாயிடம் பால் குடித்துக்கொண்டிருக்கும்போதே, அக்கா போனில் இடிச் சத்தத்தை ஓடவிடுவாள். முதல் நாள் மெல்ல, அடுத்த நாள் கொஞ்சம் கூட்டி. பிறகு லாரி ஹாரன், குழந்தையின் அழுகை, மிக்ஸி. கண் தெரியாதவர்களுக்குத் துணையாகப் போகும் நாய்களைப் பழக்கும் மையம் ஒன்று, ஒரு தாய் நாயையும் அதன் ஐந்து குட்டிகளையும் எட்டு வாரங்களுக்கு எங்களிடம் விட்டிருந்தது. உலகத்தில் உள்ள அத்தனையையும் அதற்குள் அவற்றுக்கு அறிமுகப்படுத்திவிட வேண்டும். ஏழாவது வாரத்தில் சோதனை. குட்டிகள் தேறினால்தான் மையம் அக்காவை நம்பி அடுத்த ஈற்றுக் குட்டிகளையும் அனுப்பும். கல்யாணத்துக்குப் பிறகு அவள் தானாகக் கேட்டு வாங்கிய ஒரே வேலை இது.

சமையலறையை ஒட்டிய அறையில் ஒரு மூலையில் குட்டிகள் மிதித்துப் பழகக் கூழாங்கல் தட்டு, இன்னொன்றில் காலி பாட்டில்கள் நிரப்பிய பெட்டி. மனிதர்களுக்குத்தான் பஞ்சம். எங்கள் வீட்டுக்கு யாரும் வருவதில்லை. அதனால் ஊர் ஜனம் முழுக்க நானே. தொப்பி போட்ட நான், குடை பிடித்த நான், கோலூன்றி நொண்டுகிற நான். ஒருநாள் மையால் மீசை வரைந்துகொண்டு வந்தேன். குண்டுக் குட்டி அதைப் பாதி நக்கித் தீர்த்தது. யாரைப் பார்த்தாலும் மேலும் கீழும் முகர்ந்து விசாரிப்பதால் அதற்கு மேனேஜர் என்று பேர்.

“ஏய், ஆம்பள மாதிரி நடடி. பூனை மாதிரி வர்ற.”

“எந்த ஆம்பள மாதிரி?” என்று கேட்டேன்.

அக்கா கூழாங்கற்களைச் சரிசெய்யக் குனிந்துகொண்டாள்.

சோதனைக்கு மையத்திலிருந்து ஒரு பெண் வந்தாள். கிராப் வெட்டிய தலை, கையில் ஐந்து படிவங்கள். கூடத்தில் ஒவ்வொரு குட்டியாகக் கொண்டுவரச் சொன்னாள். மேனேஜர் முதலில் போனான். அவள் குடையை முகத்துக்கு நேரே விரித்தாள். அவன் குடைக்குள் போய் உட்கார்ந்துகொண்டான். பாத்திர மூடியைத் தரையில் போட்டாள், அதன்மேல் ஏறினான். அக்காவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. கடைசியாக அந்தப் பெண் பாக்கெட்டிலிருந்து சாவிக்கொத்தை எடுத்து ஒருமுறை குலுக்கினாள்.

மேனேஜரின் காதுகள் பின்னால் ஒட்டிக்கொண்டன. வயிறு தரையில் உரச ஊர்ந்துபோய்ச் சோபாவுக்கு அடியில் புகுந்தான். சத்தமே இல்லை. குட்டி பயந்தால் கத்தும் என்றுதான் நினைத்திருந்தேன்.

அடுத்தடுத்து வந்த நான்கும் அதையே செய்தன.

“இத்தனை வருஷத்துல சாவிக்குப் பயந்த குட்டிய நான் பாத்ததில்ல. அதுவும் அஞ்சும்!” என்றாள் அவள். “இந்த வீட்ல சாவி போட்டுத் திறந்துட்டு வர்றது யாரு?”

“அவர் அடிக்கிறவர் இல்ல மேடம்” என்றாள் அக்கா.

அடிப்பாரா என்று யாரும் கேட்கவில்லை. அந்தப் பெண் பேனாவை மூடினாள்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. சாயங்காலம் ஆறரைக்கு அத்தானின் சாவி பூட்டில் நுழையும். அந்த நொடியில் அக்கா ரேடியோவை அணைப்பாள். நான் தொப்பி, குடையெல்லாம் ஒளிப்பேன். குட்டிகளின் அடைப்புமேல் போர்வை விழும். தாய் நாய் மேஜைக்கு அடியில் போய்விடும். அத்தான் கூடத்தின் நடுவில் நின்று சுற்றிப் பார்ப்பார். சோபாவில் ஒரு முடி, கழுவாத ஒரு டம்ளர், ஏதாவது ஒன்று அகப்படும். குரலை உயர்த்தவே மாட்டார். சாப்பிட்டு முடிக்கிறவரை அதே தாழ்ந்த குரலில் அதையே சொல்லிக்கொண்டிருப்பார். போன வாரம் வாசல்வரை போய்விட்ட சின்னக் குட்டியைச் செருப்புக் காலால் ஒதுக்கினார். ஒதுக்கினார் என்பது அக்காவின் வார்த்தை. குட்டி செருப்பு அலமாரியில் மோதி விழுந்தது.

ஏழு வாரமாகத் தினமும் தவறாமல் நடந்த பயிற்சி அதுதான்.

“பயம் இன்னும் கெட்டிப்படல” என்றாள் அந்தப் பெண். “ஒரு வாரம் தர்றேன். சாவி சத்தம் கேட்டா அதுங்களுக்கு நல்லது நடக்கணும். முடியலன்னா சொல்லுங்க, எந்த நேரமா இருந்தாலும் வண்டி எடுத்துட்டு வர்றேன்.” படிவத்தின் ஓரத்தில் நம்பரை எழுதிக் கிழித்துக் கொடுத்தாள்.

மறுநாளிலிருந்து அத்தான் கிளம்பியதும் ஆரம்பித்தோம். நான் வெளியே போய்ச் சாவியைப் பூட்டில் திருப்புவேன். உள்ளே அக்கா வேகவைத்த கோழித்துண்டுகளைப் போடுவாள். ஒரு நாளைக்கு முப்பது தடவை. எதிர் வீட்டுக்காரர் கதவைத் திறந்து, “பூட்டு ரிப்பேராம்மா?” என்றார். “இல்ல சார், வீடுதான்” என்று சொல்லிவிட்டேன்.

மூன்றாம் நாள் குட்டிகள் சோபாவுக்கு அடியில் ஓடுவதை நிறுத்தின. ஐந்தாம் நாள் வாலை ஆட்டிக்கொண்டு கதவுக்கே ஓடிவந்தன. “முதல் ஆளா மேனேஜர்தான்டி!” என்று அக்கா கைதட்டினாள். ஆனால் கதவைத் திறந்து நுழையும்போதெல்லாம் ஒன்றைப் பார்த்தேன். வெளியே நிற்பது நான்தான் என்று தெரிந்தும், ஒவ்வொரு தடவையும் அவளுடைய இடதுகை ரேடியோவின் குமிழுக்குப் போய்க்கொண்டிருந்தது.

அன்று நாலரை மணி. களைத்துப்போய் உள்ளே உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தேன். ரேடியோவில் பாட்டு. கூடத்தில் குட்டிகள் அடைப்புக்கு வெளியே திரிந்துகொண்டிருந்தன.

வெளியே சாவி குலுங்கியது.

ஐந்தும் காதை நிமிர்த்தின. ஒன்றையொன்று முட்டித் தள்ளிக்கொண்டு கதவுக்கு ஓடின. சின்னக் குட்டி எல்லாவற்றுக்கும் முன்னால் போய், கதவு திறக்கும் இடத்தில் மூக்கை வைத்துக் காத்திருந்தது.

அக்கா என்னைப் பார்த்தாள். நான் உள்ளே இருந்தேன்.

அவள் இடதுகை ரேடியோவுக்குப் போனது. பாதியில் நின்றது. அவள் கண் சின்னக் குட்டிமேல் இருந்தது. ஒரே எட்டில் கதவருகே போய்த் தாழ்ப்பாளைப் போட்டாள்.

சாவி திரும்பியது. கதவு அசைந்து நின்றது. மறுபடியும் திரும்பியது.

“யாரு தாழ்ப்பா போட்டது?” அதே தாழ்ந்த குரல்.

“குட்டிங்களுக்குப் பழக்கம் நடந்துட்டு இருக்கு” என்றாள் அக்கா. “கொஞ்சம் இருங்க.”

கிண்ணத்தில் மிச்சமிருந்த கோழித்துண்டுகளை அவள் குட்டிகளுக்கு முன்னால் கொட்டினாள். துண்டுகள் எங்கும் சிதறின. வெளியே ஒருமுறை, பிறகு இன்னொருமுறை தட்டும் சத்தம். ஒவ்வொரு தட்டலுக்கும் குட்டிகள் தலையைத் தூக்கிக் கதவை ஆசையாகப் பார்த்துவிட்டுத் தின்றன. தாய் நாய் மட்டும் மேஜைக்கு அடியில் இருந்தது.

அக்கா ரவிக்கைக்குள்ளிருந்து மையத்துப் பெண்ணின் நம்பர் இருந்த, வியர்வையில் நனைந்த காகிதத்துண்டை எடுத்து என்னிடம் நீட்டினாள்.

“பின்பக்கம் போய்ப் பேசு” என்றாள், உதடு மட்டும் அசைய. “வண்டில எத்தனை பேருக்கு இடம் இருக்குன்னு கேளு.”