ஏழு என்று எழுதினேன்

1

நான் எழுத உட்கார்ந்தது கதையல்ல, கட்டுரை. கல்லூரியில் பொருளாதார வரலாறு நடத்துகிறவன் நான். நிறுவனங்களும் சந்தையும் அந்த வரலாற்றை எப்படி உருவாக்கின என்று ஒரு தொகுப்புக்குப் பத்துப் பக்கம் கேட்டிருந்தார்கள். இரண்டு பக்கம் மளமளவென்று வந்தது. மூன்றாம் பக்கத்தில் இப்படி ஒரு வாக்கியம்:

"சந்தை தானாக முளைப்பதில்லை. யார் விற்கலாம், யார் விற்கக்கூடாது என்று முதலில் ஓர் அலுவலகம் படிவம் அச்சடிக்கிறது. அந்தப் படிவத்தை நிரப்புகிற

அங்கேயே நின்றுவிட்டது. நிரப்புகிற யார்? நிரப்பியது நான்தான். அக்காவின் தையல் கூடத்துக்காக. அதோடு கட்டுரை படுத்துவிட்டது.

2

முதல் முயற்சி: "ஓர் ஊரில் ஏழைத் தையற்காரி ஒருத்தி

வேண்டாம். அக்கா அப்படிப் பரிதாபமான ஆள் இல்லை. நான் சட்டையைப் போட்டுக்கொண்டிருக்கும்போதே பொத்தான் தைத்து, "ஆடாதடா, குத்துனா நான் பொறுப்பில்ல" என்று மிரட்டி, நூலைப் பல்லால் கடித்து எடுக்கிறவள்.

2 (மறுபடியும்)

பேட்டரிக் கடைக்கு மேலே இரண்டு அறை. எட்டுத் தையல் மெஷின்கள். துணி வெட்டும் மேசை என்பது பழைய கதவு ஒன்று, நான்கு கால்மேல் படுத்திருந்தது. அதன் சாவித் துவாரத்தின் வழியாக வாரத்துக்கு ஒரு சாக்பீஸ் கீழே விழும். அந்தக் கதவின்மேல் அத்தான் துணி வெட்டுவார். கூலிக்கு ஏழு பெண்கள் தைத்தார்கள். அத்தானின் தங்கை, அதாவது அக்காவின் நாத்தனார், தைத்து வந்ததை இழுத்துப் பார்த்துப் பிசிறு வெட்டுவாள். ஒரு தையல் கோணினாலும் திருப்பி வீசுவாள், அதனால் அவளுக்குக் கழுகு என்று பெயர். எட்டாவது மெஷினில் அக்கா. தைத்ததெல்லாம் பெரிய ஆஸ்பத்திரியின் நோயாளிகளுக்கான அங்கி.

விரல் விட்டு எண்ணிப் பாருங்கள். பத்துப் பேர்.

3

அதுவரை ஆஸ்பத்திரி தனக்குத் தோன்றிய இடத்தில் வாங்கிக்கொண்டிருந்தது. பிறகு கொள்முதல் வாரியம் என்று ஒன்று வந்தது. தைப்பவர்கள் எல்லோரும் பதிய வேண்டும் என்று படிவம் கொடுத்தார்கள்.

[கட்டுரைக்காரன் குறுக்கே வருகிறான்: வேண்டியவர்களுக்கே ஆர்டர் போகும் வழக்கத்தை ஒழிக்கத்தான் வாரியம் வந்தது. நல்ல நோக்கம். இன்றைக்கும் அதை நம்புகிறேன், அதுதான் கொடுமை.]

வெட்டு மேசைமேல் வைத்து நிரப்பினேன். 'வேலையாட்களின் எண்ணிக்கை' என்ற கட்டத்தில் ஏழு என்று எழுதினேன். அக்கா எட்டிப் பார்த்தாள்.

"ஏழா? நாங்க மூணு பேரு எங்கடா போனோம்?"

"வீட்டு ஆளுங்கள சேர்க்கக்கூடாதுக்கா. கூலி வாங்கறவங்கதான் வேலையாள். அதான் வரையறை."

"காலைல நின்னவரு உன் அத்தான், இன்னும் உக்காரல. அவரு வேலை செய்யலயா?"

"செய்யறாரு. ஆனா வேலையாள் இல்ல."

"அப்ப நான் இங்க வேடிக்கை பாக்கவா வரேன்?" என்றாள் கழுகு.

அத்தான் கத்தரியை நிறுத்தாமல் சிரித்தார். அக்காவும் சிரித்தாள். "விடுங்க, படிச்சவன் சொல்றான்" என்று கையெழுத்துப் போட்டாள்.

படிவங்கள் எல்லாம் வந்து சேர்ந்த பிறகுதான் வாரியம் எல்லையை அறிவித்தது. பத்துப் பேரும் அதற்கு மேலும் இருந்தால் தொழிற்கூடம், ஆஸ்பத்திரிக்கு நேராக விற்கலாம். குறைந்தால் வீட்டுத் தொழில், விற்கக்கூடாது.

4

வாரிய அலுவலகத்தில் மூன்றாவது ஜன்னல். அங்கிருந்த அம்மா எங்கள் படிவத்தை எடுத்துப் பார்த்தார்.

"ஏழுன்னுதானே சார் போட்டிருக்கீங்க?"

"குடும்பத்து ஆளுங்கள சேர்க்கக்கூடாதுன்னு..."

"யாரு சொன்னது? அங்க வேலை செய்யற யார வேணா போடலாம். எல்லாரும் மாமன் மச்சான்னு எழுதிக் குடுத்திருக்காங்க. வீட்டு நாய மட்டும்தான் விட்டிருக்காங்க."

"இப்ப திருத்த முடியுமா?"

"மூணு வருஷம் கழிச்சு, அடுத்த பதிவுல பாருங்க சார்."

யார் சொன்னது? என் பாடநூலின் நான்காம் அத்தியாயம் சொன்னது. பதினெட்டு வருடமாக நான் நடத்துவது. கூலி பெறாத குடும்ப உழைப்பு கணக்கில் வராது என்று கரும்பலகையில் எழுதி, கீழே கோடு போடுவேன். வாரியத்துக்குத் தெரியாத விதியை நானே கொண்டுபோய் அக்காவின் தலையில் போட்டேன்.

வீட்டு வாசலிலேயே அக்கா கேட்டாள். "என்னடா சொன்னாங்க?"

"சட்டமே அப்படித்தானாம்க்கா."

நான் ஏன் அப்படிச் சொன்னேன் என்றால்

5

நான்கு மாதத்தில் கூடம் காலியானது. ஏழு பெண்களும் ஊருக்கு வெளியே உள்ள பெரிய தொழிற்சாலைக்குப் போனார்கள். கழுகு வேறு ஊருக்குப் போய்விட்டாள். கதவை அத்தான் வீட்டுச் சுவரில் சாய்த்து வைத்திருக்கிறார். பகலெல்லாம் அதற்கு எதிரில் உட்கார்ந்திருக்கிறார், பேச்சுக் கொடுத்தால் 'ம்' என்கிறார். அக்காவும் அந்தத் தொழிற்சாலைக்கே போகிறாள். அதே ஆஸ்பத்திரி, அதே அங்கி. அவள் தைப்பது அதன் இடது கை மட்டும். வலது கை வேறு வரிசையாம்.

போன வாரம் கழுத்து அட்டையைத் தூக்கிக் காட்டினாள்.

"பாருடா, இருநூத்திப் பன்னெண்டு. இங்க என்னை எண்ணிட்டாங்க."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். பிறகு அவளே சொன்னாள்:

"நீதான் என்னென்னமோ எழுதறியே. எங்க கூடத்தப் பத்தி ஒண்ணு எழுதேன். யாரு மேல தப்புன்னு எழுது. யோசிச்சு யோசிச்சுப் பாக்கறேன், எனக்குப் புரியவே மாட்டேங்குது."

6

முடிவு, ஒன்று: சொல்லிவிடுகிறேன். "போடா லூசு" என்று அவள் மன்னிக்கிறாள். (இது என் ஆசை. இதில் தூக்கம் திரும்பக் கிடைப்பது எனக்கு மட்டும்தான்.)

முடிவு, இரண்டு: பழி வாரியத்துக்கு. எல்லையை முன்பே சொல்லியிருக்கலாம், யாரை எண்ண வேண்டும் என்று படிவத்தில் ஒரு வரி சேர்த்திருக்கலாம். இது பொய்யும் இல்லை. கட்டுரையாக்கினால் கைதட்டுவார்கள்.

முடிவு, மூன்று: அடுத்த பதிவில் பத்து என்று எழுதுகிறேன். யாரை எழுதுவது? கூடத்தில் இப்போது மிச்சம் ஒரு கதவுதான், அதுவும் வீட்டுச் சுவரில்.

7

இன்று அக்காவுக்கு விடுமுறை. கதையைப் படிக்க வந்திருக்கிறாள். நாற்காலியில் கால் மடக்கி உட்கார்ந்து, வரிக்கு வரி விரல் வைத்துப் படிக்கிறாள். 'படிச்சவன் சொல்றான்' வரும் இடத்தில் சிரித்தாள்.

நீங்கள் நான்காம் பகுதியைப் படித்துவிட்டீர்கள். அவளுக்குக் கொடுத்தது ஐந்தாம் பகுதி வரைதான், அதிலும் அது இல்லை. மடித்து என் சட்டைப் பையில் வைத்திருக்கிறேன். பையின் பொத்தான் அவள் தைத்தது.

அவள் விரல் நிற்கிறது. தாளைத் திருப்புகிறாள், முன்னால் பார்க்கிறாள், மறுபடி திருப்புகிறாள்.

"மூணுக்கு அப்புறம் அஞ்சு போட்டிருக்க. நாலு எங்கடா போச்சு?"

என்ன சொல்வது என்று நீங்கள் எழுதுங்கள். ஒரு கட்டத்தை நான் நிரப்பியது போதும்.