பதிமூன்றாம் பின்

அவளுடைய வலது கையில் கட்டைவிரலும் சுண்டுவிரலும் மட்டும் மிஞ்சியிருந்தன. நடுவிலிருந்த மூன்றும் ரப்பர் வாஷர் வெட்டும் பிரஸ்ஸுக்கு அடியில் போய்விட்டன. தெரியாமல் பிரஸ்ஸை இறக்கும் பெடலில் கால் பட்டுவிட்டது என்று பட்டறை முழுக்கப் பேச்சு. படவில்லை என்று அவள் ஒருத்திதான் சொல்லிக்கொண்டிருந்தாள். மறுநாள் தொழிற்சாலை ஆய்வாளர் விசாரிக்க வருகிறார். கால் பட்டதாக ஒப்புக்கொண்டால் பேக்கிங்கில் உட்கார்ந்த வேலை தருவதாக முதலாளி சொல்லி அனுப்பியிருந்தார்.

"சொல்லிட்டுத்தான் போயேன். போன விரல் திரும்பியா வரப்போவுது?" என்றான் கணவன், பாத்திரம் கழுவிக்கொண்டே.

"பட்டிருந்தா பட்டுச்சுன்னு சொல்லியிருக்க மாட்டேனா? கால் என்னோடது, ஊரான் கால் இல்ல."

"மயக்கம் போட்டு விழுந்தவளுக்கு ஞாபகம் மட்டும் எங்கேர்ந்து வரும்?"

இரண்டு வாரமாக எல்லோரும் இதையே சொல்லச் சொல்ல, இப்போதெல்லாம் அவள் கண்ணை மூடினால் தன் கால் பெடலை நோக்கி நகர்வதுபோலவே தெரிந்தது. யாரிடமும் அவள் அதைச் சொல்லவில்லை.

மத்தியானம் கொழுந்தன் வந்தான். அதே பட்டறையில் எலக்ட்ரீஷியன். பிரஸ்ஸை இயக்கும் பழைய கன்ட்ரோலர் எரிந்துபோனபோது, புதிதாக வாங்க முதலாளிக்கு மனம் வரவில்லை. பிள்ளைகள் எலக்ட்ரானிக்ஸ் பழக வாங்கும் மலிவான போர்டு ஒன்றை இவன்தான் புரோகிராம் எழுதி மாட்டிக் கொடுத்தான். நன்றாகவே ஓடியது. அடுத்த பிரஸ்ஸுக்கும் அதையே மாட்டினான்.

"தம்பி, அந்த போர்டுல ஒண்ணு பையில வெச்சிருப்பியே, எடு" என்றாள். "அது என்ன பண்ணுதுன்னு எனக்குப் புரியணும். நாளைக்கு நான் பொய் சொல்றதா இருந்தாலும் தெரிஞ்சுக்கிட்டுச் சொல்றேன்."

"உங்களுக்கு எதுக்கு அண்ணி இதெல்லாம்?"

"எடுன்னா எடு."

மேசைமேல் வைத்தான். சீட்டுக்கட்டு அளவில் ஒரு நீல அட்டை. இரு ஓரங்களிலும் வரிசையாகச் சின்னச் சின்ன ஓட்டைகள்.

"இந்த ஓட்டையைத்தான் பின்னுன்னு சொல்லுவோம். ஒவ்வொண்ணுக்கும் ஒரு நம்பர். இது அஞ்சு வோல்ட், கரண்ட் எடுக்கிற இடம். இது கிரவுண்ட், கரண்ட் திரும்பி வர்ற இடம். மத்ததுல எதுல கேக்கணும், எதுல சொல்லணும்னு நாம எழுதி வெச்சிடணும். உங்க பெடல் ரெண்டாம் பின். அதுல கால் வெச்சீங்கன்னா போர்டுக்குத் தெரியும். உடனே பதிமூணாம் பின் வழியா வால்வைத் திறக்கும். காத்து பாயும், பிரஸ் இறங்கும்."

"எதுக்குப் பதிமூணு? மூணு, நாலெல்லாம் சும்மாதானே கிடக்கு?"

"அதுலதான் போர்டுலயே ஒரு குட்டி லைட்டு இருக்கு. வால்வு திறந்தா எரியும். தனியா ஒரு பல்பு மாட்ட வேண்டாம் பாருங்க. புதுசா கத்துக்கிறவங்க எல்லாரும் அதுலதான் ஆரம்பிப்பாங்க."

"எங்க வீட்டு விஞ்ஞானி" என்றான் கணவன்.

கொழுந்தன் இரண்டாம் பின்னில் ஒரு சுவிட்சைச் செருகி, போர்டுக்கு மின்சாரம் கொடுத்தான். லைட்டு படபடவென்று சிமிட்டி அடங்கியது. சுவிட்சை அமுக்கினான், எரிந்தது. விட்டான், அணைந்தது.

"பாத்தீங்களா? அமுக்கினாத்தான் எரியும். தானா எரியாது."

"முதல்ல எரிஞ்சுதே. நீ கையே வைக்கல."

"அது இப்பத்தானே தூங்கி எழுந்திருக்கு அண்ணி, கொட்டாவி விடுது" என்று சிரித்தான். "கரண்ட் வந்ததும் எல்லா போர்டும் இப்படித்தான், நம்ம புரோகிராம் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி பதிமூணாம் பின்னை மட்டும்..."

சிரிப்பு பாதியில் நின்றது. ஒயரைப் பிடுங்கி மறுபடி செருகினான். சிமிட்டியது. பையைக் கொட்டி, மின்சாரத்தால் இயங்கும் சுவிட்சான ரிலே ஒன்றைத் தேடி எடுத்தான். பிரஸ்ஸில் வால்வைத் திறப்பதும் இதே மாதிரி ரிலேதான். அதைப் பதிமூன்றாம் பின்னில் மாட்டி மின்சாரம் கொடுத்தான். டக்டக்கென்று அடித்தது.

கணவன் குழாயை மூடிவிட்டு வந்தான். "என்னடா ஆச்சு?"

"தினமும் காலையில மெயின் போடுறப்பவும் இது அடிச்சிருக்கும். அப்ப டேங்க்ல காத்து ஏறியிருக்காது, அதனால பிரஸ் அசையாது. வேலை நேரத்துல கரண்ட் போனா காத்து டேங்க்ல அப்படியே நிக்கும். திரும்பி வந்ததும்..." அவள் கையில் போட்டிருந்த கட்டைப் பார்த்தான்.

கரண்ட் போனால்தான் வெட்டும் அச்சான டைக்குள் கைவிட்டு ரப்பர் தூளைத் துடைக்க வேண்டும் என்பது பட்டறை வழக்கம். அதுதான் ஆபத்தில்லாத நேரம் என்று வேலைக்குச் சேரும் எல்லோருக்கும் சொல்லித் தருவார்கள். அன்றைக்கும் கரண்ட் போய் வந்த நேரத்தில் அவள் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"என் கால் படல" என்றாள் மெதுவாக. அடுத்த நொடி நிமிர்ந்தாள். "பக்கத்து மெஷின்ல?"

"அதுலயும் இதே பின்னுதான்."

"அப்ப இங்க என்ன பண்ணிட்டிருக்கே? ஓடு. அந்தப் பொண்ணும் என்னை மாதிரிதான் துடைப்பா."

அவன் போர்டை அள்ளிக்கொண்டு கிளம்பினான். கணவன் வாசல்வரை கூடவே போனான். குரலைத் தாழ்த்தித்தான் பேசினான். ஆனாலும் வீடு சின்னது.

"ரெண்டுலயுமே பின்னை மாத்திடு. உங்க அண்ணி மெஷின்லயும். வெளியே தெரிஞ்சா முதலாளி உன் தலையில கட்டிட்டு ஒதுங்கிடுவாரு. நீ உள்ள போகணும், புரியுதா?"

கொழுந்தனின் பதில் அவளுக்குக் கேட்கவில்லை.

மறுநாள் ஆய்வாளர் அவளுடைய பிரஸ் முன்னால் நின்றார். சுற்றிலும் முதலாளி, கொழுந்தன், கணவன், பக்கத்து மெஷின்காரி. டேங்கில் காற்றை ஏற்றி, மெயினை அணைத்துப் போடச் சொன்னார். பிரஸ் அசையவில்லை. மறுபடி போடச் சொன்னார். அசையவில்லை.

"மெஷின் மேல ஒரு குத்தமும் இல்லைங்க" என்றார் முதலாளி. "பாவம், கவனம் சிதறியிருக்கு."

"போர்டுல ஏதாவது கோளாறு உண்டா?" ஆய்வாளர் எலக்ட்ரீஷியனைப் பார்த்துக் கேட்டார்.

"இல்ல சார்."

ஆய்வாளர் அவள் பக்கம் திரும்பினார். "நீங்க சொல்லுங்கம்மா. கால் பட்டுச்சா?"

கணவன் அவளையே பார்த்தான். கொழுந்தனின் பார்வை தரையில் இருந்தது. ஆஸ்பத்திரியில் அவளுக்கு ரத்தம் கொடுத்தவன் அவன்தான்.

"படல சார்" என்றாள். "அந்தப் பெட்டியைத் திறங்க. வால்வுக்குப் போற ஒயரு எத்தனாம் பின்னுல இருக்குன்னு பாருங்க."

ஆய்வாளர் திறந்து பார்த்தார். "எட்டு."

"நான் அடிபட்ட அன்னிக்கு அது பதிமூணுல இருந்துச்சு. யார் மாத்தினாங்க, எப்ப மாத்தினாங்கன்னு இந்த எலக்ட்ரீஷியனைக் கேளுங்க."

முதலாளி ஏதோ சொல்ல வந்தார். ஆய்வாளர் கையைக் காட்டி நிறுத்தினார். பக்கத்து மெஷின்காரி தன் இரண்டு கைகளையும் முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள்.

"எப்ப மாத்துனீங்க?"

கொழுந்தன் தலை நிமிர்ந்து அண்ணனைப் பார்த்தான். அண்ணியைப் பார்க்கவில்லை.

"நேத்து சாயங்காலம்" என்றான்.

கணவன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வெளியே போனான். அவளுக்காக நிற்கவில்லை.