பொம்மைக்கு வைத்த முகம்

பொம்மைக்கு முகம் அமையாமல் ஒதிலியா அந்தக் கோடை முழுக்கத் தவித்தாள். மெக்சிகோவின் குவாதலஹாரா நகரில் ஒரு பொம்மைக் கம்பெனியில் முகங்களை வடிப்பது அவள் வேலை. நவம்பரில் வரும் இறந்தோர் நாளுக்கென்று, அந்த நாளில் பெண்கள் போட்டுக்கொள்ளும் மண்டையோட்டு ஒப்பனையோடு ஓர் அலங்காரப் பொம்மை வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். உடை எப்போதோ தயாராகிவிட்டது. தரையைத் தொடும் கறுப்புப் பாவாடை, விளிம்பெல்லாம் பூத்தையல், தோளில் சால்வை, தலையில் செவ்வந்திக் கிரீடம். முகம் மட்டும் வரவில்லை. அவள் செய்த தலைகளை மேலாளர் பவுஸ்தோ திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதெல்லாம் ஏர்போர்ட்ல வெள்ளைக்காரனுக்கு விக்கிற மூஞ்சி. நம்ம தெருவுல நடந்து போற பொண்ணு வேணும்" என்று தள்ளிவிட்டார்.

ஒரு பிற்பகல் களிமண்ணில் விரல்கள் தாமாகவே ஓடின. சற்றே அகன்ற தாடை, ஒரு பக்கம் ஏறிய உதடு, யாரையோ கேலி செய்யக் காத்திருப்பது போன்ற கன்னம். யார் என்று உடனே தெரிந்துவிட்டது. பிசைந்து உருட்டிவிட்டு வேறு செய்திருக்கலாம். அவள் செய்யவில்லை. மாதிரித் தலை வார்த்து வந்ததும் அந்த முகத்தின் மேலேயே வெள்ளை பூசி, கண்களைச் சுற்றிக் கறுப்புக் குழிகளும் உதட்டின் மேல் பல்வரிசையும் தீட்டி மண்டையோடாக்கினாள்.

பவுஸ்தோ பார்த்தார். "இவதான்" என்றார்.

அது மரிசெலாவின் முகம். ஒதிலியாவின் தங்கை. நான்கு வருடங்களுக்கு முன் அழகு நிலையத்தில் வேலை முடிந்து கிளம்பியவள் வீடு வந்து சேரவில்லை. உயிரோடும் கிடைக்கவில்லை, உடலாகவும் கிடைக்கவில்லை. அவர்களுடைய அம்மா எல்விரா, பிள்ளைகளைத் தொலைத்த மற்றத் தாய்மாரோடு ஞாயிறுதோறும் ஊருக்கு வெளியே போய்த் தேடுவாள். நீண்ட இரும்புக் கம்பியை மண்ணில் இறக்கி, உருவி, பிண வாடை அடிக்கிறதா என்று நுனியை முகர்ந்து பார்ப்பார்கள். ஒதிலியா ஒரு தடவைகூட அங்கே போனதில்லை. நவம்பரில் வீட்டில் படையல் மேசை போடும்போது அப்பாவின் படம் இருக்கும், அத்தைகளின் படம் இருக்கும். மரிசெலாவின் படத்தை மட்டும் அம்மா அந்தப் பக்கமே அண்ட விடமாட்டாள். அங்கே வைத்தால் செத்துவிட்டாள் என்று ஒப்புக்கொண்டதாகிவிடும்.

அக்டோபரில் பொம்மை கடைகளுக்குப் போனது. ஒரு ஞாயிறு மாலை, தேடப் போன அம்மா மண் ஒட்டிய காலணியோடு நேரே சமையலறைக்குள் வந்தாள். பையிலிருந்து பொம்மைப் பெட்டியை எடுத்து ஒதிலியாவின் சூப்புக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"கூடத் தேட வர்ற சாயோ, அண்ணன் மகளுக்குன்னு வாங்கினாளாம். பெட்டியைத் திறந்ததும் மூடி எங்கிட்டயே கொண்டு வந்துட்டா. இது யாருடி?"

"பொம்மைம்மா."

"பொம்மைன்னு எனக்குத் தெரியாதா? யாருன்னு கேக்குறேன்."

ஒதிலியா கரண்டியைக் கீழே வைத்தாள். "அவ முகம் என் கைக்குள்ளயே இருந்திருக்கும்மா. தானா வந்துடுச்சு."

"சரி, முகம் தானா வந்துச்சு. அதுக்கு மேல மண்டையோடு வரைஞ்சியே, அதுவும் தானா வந்துச்சா?"

ஒதிலியா கிண்ணத்தைத் தள்ளி வைத்தாள்.

"எவன் எவன் வாயிலேருந்தோ இதைக் கேட்டாச்சு. போலீஸ்காரன் மூஞ்சிக்கு நேரா சொன்னான். பாதிரியார் சுத்தி வளைச்சுச் சொன்னாரு. நீ ஒருத்திதான் சொல்லாம இருந்த. இப்ப கடை கடையா ஊருக்கே சொல்லிட்ட."

"அப்படி இல்லம்மா..."

"அப்போ உசுரோட இருக்கான்னு சொல்லு. வாயைத் திறந்து ஒரு தடவை சொல்லு. நான் பேசாம சாப்பிட உக்காந்துடுறேன்."

சொல்லியிருக்கலாம். சொல் நாக்கு வரைக்கும் வந்து அங்கேயே நின்றுவிட்டது. எல்விரா மகளின் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு பெட்டியைப் பையில் போட்டுக்கொண்டு சாயோ வீட்டுக்குப் போய்விட்டாள்.

மறுநாள் காலை ஒதிலியா பவுஸ்தோவிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் கெட்ட மனிதர் அல்ல. நாற்காலியை இழுத்துப் போட்டு அவளை உட்கார வைத்தார்.

"நாடு முழுக்கப் போயாச்சு ஒதிலியா. இப்ப எதைன்னு திருப்பி வரவழைக்கிறது? அச்சு போடுறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

"சொல்லியிருந்தா வேற முகம் செய்யச் சொல்லியிருப்பீங்க."

"கண்டிப்பா."

"அதனாலதான் சொல்லல."

சொன்ன பிறகுதான் அது உண்மை என்று அவளுக்கே உறைத்தது. இத்தனை வருடமாக அவளுக்கு அழ இடமில்லை. வீட்டில் கண் கலங்கினால் அம்மா, "யாரு செத்துட்டாங்கன்னு இப்ப அழற?" என்பாள். பொம்மைக்கு வெள்ளை பூசிய அன்றுதான், யாருக்கும் தெரியாமல், தங்கைக்குச் செய்ய வேண்டியதைச் செய்து முடித்திருந்தாள்.

வீடு திரும்பும்போது பஸ்ஸில் முன் இருக்கையில் ஒரு சிறுமி மடியில் அந்தப் பொம்மையைப் படுக்க வைத்துத் தலை வாரிக்கொண்டிருந்தாள். சிக்கு எடுக்கையில் தலை பின்னுக்கு இழுபட்டது. ஒதிலியாவால் பார்க்க முடியவில்லை. தன் நிறுத்தம் வருவதற்கு முன்பே இறங்கி நடந்தாள்.

வாரக் கடைசியில் அம்மா திரும்பி வந்தாள். கோபம் தணிந்து வந்தவள் போலத் தெரியவில்லை. ஆள் சுருங்கிப் போயிருந்தாள். பொம்மையை நீட்டினாள். கிரீடமும் உடையும் அப்படியே இருந்தன. முகத்தில் மட்டும் ஒன்றுமில்லை. தாடையும் மூக்கும் மட்டும் புடைத்திருக்க, வண்ணமெல்லாம் போய் உரித்த முட்டை போல வெறுமையாக இருந்தது.

"நகப்பாலீஷ் அழிக்கிற தண்ணியால மண்டையோட்டைத் துடைச்சேன். கண்ணும் சேர்ந்து போயிடுச்சு. வாயும் போயிடுச்சு." பொம்மையை மகள் கையில் திணித்தாள். "வரைஞ்சு குடுடி."

ஒதிலியா தூரிகைகளை எடுத்துக்கொண்டு ஜன்னல் ஓரம் உட்கார்ந்தாள். அம்மா தோளுக்குப் பின்னால் நின்றுகொண்டாள்.

"கண்ணு பெருசாயிடுச்சு. அவளுக்கு இவ்வளவு பெருசில்ல."

"மை போட்டா பெருசாத்தாம்மா தெரியும்."

"மையெல்லாம் வேணாம். புருவம் என்ன இப்படி நூல் மாதிரி?"

"அவ அப்படித்தான் எடுத்துக்குவா."

"ரெண்டு பேரும் பாத்ரூம் கதவைச் சாத்திக்கிட்டு அடிச்ச கூத்துதானே அது! எனக்குத் தெரியாதுன்னு நெனப்பு." ஒரு கணம் சிரிப்பு வந்தது இருவருக்கும். பிறகு எல்விரா குனிந்து உற்றுப் பார்த்தாள். "இது அவ போனப்ப இருந்த முகம்."

"ஆமாம்மா."

"இப்ப அவளுக்கு முப்பது வயசு. முப்பது வயசு முகம் போடு."

தூரிகை நின்றது. ஒதிலியாவின் மனதில் தங்கை இருபத்தாறோடு நின்றுபோனவள். அதற்கு மேல் ஒரு நாள்கூட அவளுக்குக் கொடுத்துப் பார்த்ததில்லை. மணிக்கட்டை மேசையில் ஊன்றிக்கொண்டாள். கண்ணோரத்தில் மயிரிழை போல ஒரு கோடு. மூக்கிலிருந்து உதட்டுக்கு இறங்கும் மெல்லிய நிழல்.

அம்மா பொம்மையை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தாள். "ரொம்பக் களைச்சிருக்கா" என்றாள்.

"இந்த ஞாயித்துக்கிழமை நானும் வரேம்மா."

"எதுக்கு? நீதான் அவ இருக்கான்னு நம்பலையே."

"நம்பல. அதான் வரேன்."

திட்டப் போகிறாள் என்று ஒதிலியா நினைத்தாள். "தொப்பி எடுத்துக்க. அங்க வெயிலு மண்டையைப் பொளக்கும்" என்றாள் அம்மா.

பொம்மை அந்த வருடம் நன்றாக விற்றது. அதே முகத்தில் இன்னொரு பொம்மை வேண்டும் என்று கம்பெனியில் கேட்டபோது ஒதிலியா மறுத்துவிட்டு உடைப் பிரிவுக்கு மாறிக்கொண்டாள். மரிசெலாவைப் பற்றி எந்தத் தகவலும் வரவில்லை.

அம்மாவோடு தேடப் போன முதல் ஞாயிறன்று, கள்ளிக்காட்டுச் சரிவில், சாயோ கம்பியை அவள் கையில் கொடுத்து எங்கே இறக்குவது என்று காட்டினாள். ஒதிலியா உடல் எடையெல்லாம் போட்டு அழுத்தினாள். உருவி எடுத்து நுனியை மூக்கருகே கொண்டுபோனாள். ஈர மண் வாசனை மட்டும்தான்.

"ஒண்ணும் இல்லையே?" தொலைவிலிருந்து அம்மா கத்தினாள்.

"இல்லம்மா!"

எல்விரா நெற்றியிலும் மார்பிலும் சிலுவை இட்டுக்கொண்டாள். அவள் முகம் தெளிந்ததை ஒதிலியா பார்த்தாள். தனக்குள் ஏதோ சரிந்ததை அவள் காட்டிக்கொள்ளவில்லை. கம்பியைத் துடைத்துவிட்டு, இரண்டடி தள்ளி மறுபடியும் இறக்கினாள்.