கேவுரு மேல அம்பது பர்சென்ட்

சாமிக்கு வேண்டிக்கின ஆளு, அது முடியிற வரைக்குமாவது ஒழுங்கா இருக்க வேணாமா? எங்க வூட்டுக்காரரு வேதகிரியத்தான் சொல்றேன். எங்க பொண்ணு பூஜா டெங்கு காய்ச்சல்ல காஞ்சிபுரம் ஆஸ்பத்திரில கண்ணத் தொறக்காம கெடந்தப்ப, இந்த மனுசன் வராண்டால நின்னு அழுதுக்கினே வேண்டிக்கினாரு. "தாயே, எம்பொண்ண எழுப்பிக் குடு. தெரு பூரா கேவுரு பிச்ச எடுத்து உனக்குக் கூழு ஊத்துறேன்"னாரு. அவ எழுந்துட்டா. ஆடி கடைசி ஞாயித்துக்கெழம கூழு ஊத்துறதுன்னு முடிவாச்சி.

எங்க தெருவுல இதுக்கு ஒரு மொற கீது. ஒரு வூடு விடாம எல்லாரும் ஒரு கையாவது கேவுரு போடணும். ஒரு வூட்ல இல்லன்னுட்டாலும் அடுப்பு மூட்டக் கூடாது. அதனால அதுவரைக்கும் எவங்கிட்டயும் வாய் குடுக்காதய்யான்னு சொல்லி வெச்சிருந்தேன்.

கேட்டாதான? அமெரிக்காக்காரன் நம்ம சரக்கு மேல அம்பது பர்சென்ட் வரின்னுட்டான்னு டிவில ஓயாம கத்திக்கினு இருந்தாங்களே, அத்த வாயப் பொளந்து பாத்தாரு. மறுநாள் நாஷ்டா கூட துன்னாம ஒரு மூங்கிலத் தூக்கிக்கினு கெளம்பிட்டாரு.

தெருவுலேந்து மானாம்பதி ரோட்டுக்குப் போற வழி எங்க பட்டா நெலத்துல போவுது. அங்க குறுக்க மூங்கிலக் கட்டி, பிளாஸ்டிக் சேரப் போட்டுக்கினு குந்திட்டாரு. உள்ள வர்ற சரக்குல பாதி அவருக்காம். கீரக்கட்டா, பாதி. ஒத்தத் தேங்கா வாங்கியாந்தவங்களுக்கும் ஒடச்சி ஒரு மூடிதான். மீன் விக்கிற சாமுவேலு வண்டியத் திருப்பிக்கினு போனவருதான், அப்புறம் வரவே இல்ல.

"வரி போட்டாதான்டி நாடு முன்னேறும்"னாரு.

"அட கேடு கெட்ட மனுசா, இது நாடாய்யா? பத்து வூடு கூட இல்லாத தெரு!"

தெருக்காரங்க மட்டும் சும்மா இருப்பாங்களா? எங்க வூட்டுக்குப் போற எல்லாத்துக்கும் பதில் வரின்னுட்டாங்க. தெருக் கொழா எங்க கொழுந்தன் பாண்டுரங்கன் வூட்டு வாசல்ல கீது. நான் கொடத்த ரொப்பிக்கினு திரும்பனா, அவன் பொண்டாட்டி வளர்மதி, "இரு அக்கா, வரி"ன்னு பாதித் தண்ணிய அவ அண்டால சாச்சிக்கினா. வரி போட்டது அந்த ஆளு, இடுப்பு ஒடஞ்சது எனக்கு. ஒரே பேஜாரு.

கூழுக்கு மொத நாளு, சனிக்கெழம வந்துடுச்சி. மஞ்ச வேட்டியக் கட்டிக்கினு, துண்ட ஏந்திக்கினு எங்க வூட்டுக்காரரு பிச்சைக்குக் கெளம்புனாரு. பின்னாடியே நானு. எவளாவது இல்லன்னுட்டா எம்பொண்ணுக்கு இன்னா ஆவுமோன்னு ஒவ்வொரு வாசலா எண்ணிக்கினே போனேன்.

மொத வூட்ல, "சரக்கு எந்த ஊருக்குப் போவுது?"ன்னு கேட்டுட்டுதான் போட்டாங்க. ரெண்டாவது வூட்ல ரெண்டு கை போட்டு, ஒரு கைய திரும்ப எடுத்துக்கினாங்க. "கோச்சிக்காதண்ணா, அம்பது பர்சென்ட்." இப்படியே திட்டும் கிண்டலும் கேவுருமா வாங்கிக்கினு, கடைசியா தம்பி வூட்டு வாசல்ல வந்து நின்னோம். கதவு சாத்திக்கீது. என் உசுரு என்கிட்ட இல்ல.

கதவத் தொறந்தது பாண்டுரங்கன்.

"இன்னாடா, ஷிப்டுக்குப் போவலியா?"ன்னாரு இவரு.

"எங்க ஷூ கம்பெனில அமெரிக்கா ஆர்டர நிறுத்தி வெச்சிட்டாங்கண்ணா. நீ டிவில பாத்தியே, அதே வரிதான். கூப்புட்ற வரைக்கும் வரவேணாம்னுட்டாங்க."

சொல்லிக்கினே உள்ள போனவன், ஒரு மொறம் ரொம்ப கேவுரு எடுத்தாந்து துண்டுல கொட்டுனான். ஒரு மணி கூட திரும்ப எடுக்கல.

"பாதி எடுத்துக்கடா"ன்னு துண்ட அவன் பக்கம் நீட்டுனாரு இவரு.

"பூஜாவுக்குன்னு போட்டத எவனாவது எடுப்பானாண்ணா?"

"வேல இல்லன்னு எங்கிட்ட ஏன்டா சொல்லல?"

"சொல்லத்தான் வந்தேன். பூஜாவுக்கு ஒரு சீப்பு வாழப்பழம் வாங்கியாந்து உன் சேராண்ட நின்னேன். அண்ணான்னு கூப்டேன். நீ பாதிப் பழத்தப் பிச்சிக்கினு, 'ம், அடுத்த ஆளு'ன்னுட்ட."

வேடிக்க பாக்கப் பின்னாடியே வந்த தெருவே கொல்லுன்னு சிரிச்சிச்சி. இவரு சிரிக்கல. துண்டுல கேவுரு பாரம், ரெண்டு கையாலயும் புடிச்சிக்கினு நிக்கிறாரு, கண்ணுல தண்ணி ஊத்துது, தொடைக்கக் கையில்ல. நான்தான் முந்தானையால தொடச்சி வுட்டேன். ஊரே பாத்துக்கினு இருந்துச்சி, பாக்கட்டுமே.