ஒன்றரைக் கட்டை கம்மி

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன், இந்தக் கதையை நான் தேடிப் போகவில்லை. பிரிக்பீல்ட்ஸில் என் வாடகை அறையில் ஒரு பழைய கணினி இருக்கிறது. லினக்ஸில் ஓடுவது. ஒரு நாள் காலை அது படுத்துக்கொண்டது. எழுப்ப வழி தேடி இணையத்தைத் துழாவினேன். என்னைப் போலவே பழைய இரும்போடு மல்லுக்கட்டுகிறவர்கள் கூடிப் புலம்பும் ஒரு பக்கத்தில், யாரோ எழுதிய கேள்வி ஒன்று கண்ணில் பட்டது. பெயர் இல்லை. ஊர் மட்டும் கிள்ளான் என்று போட்டிருந்தது. அறுபது வரிப் பிழைச்செய்திகளை ஒட்டிவிட்டு, அடியில் இப்படி முடித்திருந்தார்:

"வேகம் வேண்டாம். நடுவில் நிற்காமல் ஓடினால் போதும். ஞாயிற்றுக்கிழமை ஒருவர் பாட வேண்டும்."

ஹார்ட் டிஸ்க் ஓடாவிட்டால் ஒருவரால் ஏன் பாட முடியாது? அன்று முழுக்க இதே யோசனை. என் கணினியை அதன் விதிக்கு விட்டுவிட்டு நோட்டுப் புத்தகத்தை எடுத்தேன். இனி வருவதெல்லாம் என் கற்பனை. புளுகு என்று சொன்னாலும் கோபித்துக்கொள்ள மாட்டேன்.

2

ஆரம்பம், முதல் முயற்சி: "கிள்ளானில் மழை பெய்துகொண்டிருந்தது. லோகேஸ்வரி ஜன்னலோரம் நின்று—"

வேண்டாம். கிள்ளானில் என்றைக்கு மழை பெய்யவில்லை?

இரண்டாவது: "கெர்னல் என்பது லினக்ஸின் அடிவயிற்றில் உட்கார்ந்துகொண்டு டிஸ்க், ஸ்பீக்கர், கீபோர்டு எல்லாவற்றையும் வேலை வாங்குகிற மேஸ்திரி. கணினி எழும்போதே அதன் காதில் ஒரு வரி ஓதிவிட்டால், டிஸ்க்கை எப்படி வேலை வாங்குவது என்பதை—"

இதோடு ஆரம்பித்தால் பாதிப் பேர் எழுந்து டீ குடிக்கப் போய்விடுவீர்கள். (ஆனால் அந்த மேஸ்திரியை மறந்துவிடாதீர்கள். பின்னால் வேலை இருக்கிறது.)

மூன்றாவது: "அஞ்சம்மாள் அதை நல்ல எண்ணத்தில்தான் செய்தார்."

ஆங், இது நடக்கும்.

3

அஞ்சம்மாள் அதை நல்ல எண்ணத்தில்தான் செய்தார்.

கிள்ளான் லிட்டில் இந்தியாவில் ஒரு லோரி உதிரிப்பாகக் கடை. அதன் மேல்மாடியில் ஞாயிறுதோறும் சாயங்காலம் நாலு மணிக்குக் கரோக்கே பாடுகிற கூட்டம் ஒன்று கூடும். கணினி பின்னணி இசையை வாசிக்கும், பாட்டு வரிகள் திரையில் ஓடும், மைக் பிடித்தவர் பாடுவார். அஞ்சம்மாள் அந்தக் கூட்டத்துக்கு வடை சுட்டுக்கொண்டு வருகிறவர், பாடவும் செய்வார். கணினி லோகேஸ்வரியின் பொறுப்பு. நாற்பத்தெட்டு வயது. கிளினிக் ஒன்றில் பதிவு மேசையில் வேலை. கிளினிக் தூக்கிப் போட்ட கணினியை எடுத்துவந்து, லினக்ஸ் ஏற்றி, நாலாயிரம் பாட்டு நிரப்பி ஓட வைத்தவர் அவர்தான். கணவர் காலமாகி ஒன்பது வருஷம் ஆகிறது.

ஆயுத பூஜைக்கு முதல் நாள் அஞ்சம்மாள் மைக்கைத் துடைத்தார், ஸ்பீக்கரைத் துடைத்தார், கணினிப் பெட்டியின் மூடியையும் கழற்றினார். உள்ளே இருக்கிறதுதானே வேலை செய்கிறது, வெளியே பொட்டு வைத்து என்ன பிரயோஜனம் என்பது அவர் வாதம். டிஸ்க்கின் நெற்றியில் சந்தனம் தடவிக் குங்குமம் இட்டார். அதுவரை சரி. டிஸ்க்கிலிருந்து போகும் பட்டையான ரிப்பன் கேபிள் கோணல்மாணலாகத் தொங்கியதுதான் அவருக்குப் பொறுக்கவில்லை. கழற்றி, பட்டுப்புடவை மடிப்பதுபோல நாலாக மடித்து, நகத்தால் மடிப்பை நன்றாக நீவி, ரப்பர் பேண்ட் போட்டு மறுபடி சொருகி வைத்தார்.

மறுநாள் பூஜை. கருவிகளுக்கு ஓய்வு. விஜயதசமியன்று லோகேஸ்வரி விசையைத் தட்டினார். திரையில் பிழைச்செய்திகள் சாரிசாரியாக இறங்கின. டிஸ்க் படிக்க முயன்றது, தவறியது, மறுபடி முயன்றது, மறுபடி தவறியது. அரை மணி நேரம் கழித்தும் அதே கதைதான்.

★ அஞ்சம்மாளைத் திட்டாதீர்கள். திட்டுகிற வாக்கியம் ஒன்று எழுதிப் பார்த்தேன். அவர் முறைத்த முறைப்பில் அடித்துவிட்டேன்.

4

இப்போது ராதாகிருஷ்ணன். ஞாயிற்றுக்கிழமை பாட வேண்டிய அந்த ஒருவர் இவர்தான் என்று எனக்குச் சந்தேகம்.

முதல் வரைவில் இவரை வங்கி மேலாளர் ஆக்கியிருந்தேன். சட்டை கசங்காமல் வந்து உட்கார்ந்தார், கதை அசையவே இல்லை. பிறகு துறைமுகத்தில் கன்டெய்னர் லோரி ஓட்ட அனுப்பினேன். ஐம்பத்து மூன்று வயது, ஒண்டிக்கட்டை. நாலு வருஷத்துக்கு முன் முதல் தடவை வந்து பாடினார். கீழே நல்ல கனமான குரல். பாட்டு மேலே ஏறியதும் குரல் உடைந்து கீச்சென்றது. எல்லாரும் சிரித்தார்கள், அவரும் கூடச் சிரித்தார். அடுத்த வாரம் வந்தார், பாடவில்லை. மற்றவர்கள் பாடி முடித்தபோது முதல் கைதட்டு அவருடையதாக இருந்தது. கடைசியில் நாற்காலிகளை அடுக்கிவைத்துவிட்டுப் போனார்.

அந்தக் கைதட்டைத்தான் லோகேஸ்வரி பார்த்தார்.

மூன்றாம் வாரம் அவருடைய பாட்டின் சுருதியை யாருக்கும் சொல்லாமல் ஒன்றரைக் கட்டை இறக்கிவைத்தார். எவ்வளவு இறக்கம் என்பது லோகேஸ்வரியின் சின்னத் திரையில் மட்டும் தெரியும். மைக்கை அவர் கையில் திணித்தார். ராதாகிருஷ்ணன் பாடினார், அந்த மேல் இடத்தில் குரல் போய் அழகாக உட்கார்ந்தது. அன்றிலிருந்து கேட்கிறவர்களிடமெல்லாம், டெய்லி லோரியில் பிராக்டிஸ் பண்ணுகிறேன் லா, அதுதான் என்று சொல்லித் திரிகிறார். நாலு வருஷமாக லோகேஸ்வரி அவருடைய ஒவ்வொரு பாட்டையும் இறக்கிவைக்கிறார். அந்தக் கணக்கு முழுக்க அந்த டிஸ்க்கில்தான் இருக்கிறது.

இன்னொன்றும் இருக்கிறது, சொல்லிவிடுகிறேன். மேல்மாடியில் எல்லாரும் அவரை அண்ணே என்பார்கள். லோகேஸ்வரிக்கு அந்தச் சொல் வாயில் வராது. பெயர் சொல்லவும் கூச்சம். அதனால் நாலு வருஷமாக எதுவும் சொல்லிக் கூப்பிடாமலே சமாளிக்கிறார். அருகே போய் நின்றுவிட்டுப் பேசுவார், அல்லது தொண்டையைக் கனைப்பார். ராதாகிருஷ்ணனோ அவரை மேடம் என்பார்.

(இந்த இடத்தில் "அவள் அவரைக் காதலித்தாள்" என்று எழுதினேன். லோகேஸ்வரியைக் கேட்காமல் எழுதுவது நாகரிகமில்லை என்று அடித்துவிட்டேன். ஆனால் ஆமாம், காதலித்தார்.)

5

அந்த ஞாயிற்றுக்கிழமை சாலாக் செலாத்தானிலிருந்து இன்னொரு பாட்டுக் கூட்டத்தார் விருந்தாளிகளாக வருவதாக ஏற்பாடு. கிள்ளான் பக்கம் முதல் பாட்டு ராதாகிருஷ்ணன்.

கணினி படுத்துவிட்டது என்று கேட்டதும் கிள்ளான் கூட்டத்தின் தலைவர் கமலநாதன் கொஞ்சமும் பதறவில்லை. "பழசைக் கட்டிக்கிட்டு ஏன் அழுவணும்? ஸ்மார்ட் டிவி இருக்கு, யூடியூப்ல போட்டாப் போச்சு" என்றார். நல்ல மனுஷர், நல்ல யோசனை. லோகேஸ்வரிக்குத்தான் சிக்கல். யூடியூபில் வருவது அசல் சுருதி. அந்த மேல் இடத்தில் குரல் மறுபடி கீச்சென்று உடையும். இந்தத் தடவை சிரிக்க இரண்டு ஊர் இருக்கும். அப்புறம் அவர் நாற்காலி அடுக்கக்கூட வர மாட்டார்.

ஞாயிறு மூன்று மணிக்குள் ஓடாவிட்டால் டிவியைத் தூக்கிவருவதாகச் சொல்லிவிட்டுப் போனார் கமலநாதன்.

★ லாப்டாப் இல்லையா என்று கேட்பீர்கள். இருந்தது. கதைக்குள் அது நுழைந்தால் இரண்டே பக்கத்தில் முற்றும் போட வேண்டியதுதான். அதனால் லோகேஸ்வரியின் மகள் தாமரையைச் செமினியில் கல்லூரியில் சேர்த்து, லாப்டாப்பையும் கொடுத்தனுப்பிவிட்டேன். பெண் படிக்கட்டும்.

★ புதுக் கேபிள் வாங்கலாமே? சனிக்கிழமை காலை கோலாலம்பூரில் நாலு கடை ஏறி இறங்கினார். மூன்றில் அப்படி ஒன்றைப் பார்த்ததே இல்லை என்றார்கள். நாலாவது கடையின் முதலாளித் தவுக்கே பழைய கேபிளைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்து, மியூசியத்தில் கேட்டுப் பாருங்கள் என்று சிரித்தார். லோகேஸ்வரிக்கும் சிரிப்பு வந்துவிட்டது. பசியும் வந்தது. அங்கேயே ஒரு ரொட்டி சானாய் சாப்பிட்டுவிட்டுத்தான் கிள்ளான் திரும்பினார்.

6

சனிக்கிழமை மத்தியானம். மேல்மாடியில் லோகேஸ்வரி, கணினி, தட்டு நிறைய பாவமன்னிப்பு வடையோடு அஞ்சம்மாள். எதிர்ச் சுவரோரம் அடுக்கிய நாற்காலிகள்.

அந்த இணையப் பக்கத்தில் லோகேஸ்வரி கைப்பேசியிலிருந்து கேட்ட கேள்விக்குப் பதில் வந்திருந்தது. கெர்னலிடம், டிஸ்க்கின் அதிவேகப் போக்குவரத்தை அடியோடு நிறுத்தச் சொல்லி ஒரு வரி ஓதுங்கள் என்றிருந்தார் ஒருவர். லோகேஸ்வரி ஓதினார். கணினி எழுந்தது. அஞ்சம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டார். பாட்டுப் பட்டியல் வந்தது, ராதாகிருஷ்ணன் பெயருக்கு நேரே ஒன்றரையும் பத்திரமாக இருந்தது. பாட்டைத் தட்டினார்.

பாட்டுக்கு விக்கல் எடுத்தது. இரண்டு அடி ஓடும், நிற்கும், மூன்று அடி ஓடும், நிற்கும்.

மேஸ்திரியை நினைவிருக்கிறதா? சாதாரணமாக டிஸ்க்கிலிருந்து தகவல் தானே நினைவகத்துக்குப் போய்விடும். மேஸ்திரி அந்த வழியை அடைத்ததும், குழாய் உடைந்த வீட்டில் வாளி வாளியாகச் சுமப்பதுபோல எல்லாவற்றையும் கணினியின் மூளையே சுமக்க வேண்டியதாகிவிட்டது. அதே மூளைதான் சுருதியையும் இறக்க வேண்டும். தாங்கவில்லை. இறக்காமல் விட்டால் பாட்டு ஒழுங்காக ஓடியது. லோகேஸ்வரி அதையும் சோதித்துப் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார்.

அப்போது அஞ்சம்மாள் ஒன்று சொன்னார். "எம்மேல கோச்சுக்காதே லோகா. நான் மடிச்ச எடம் இன்னும் மடிப்பாவே நிக்குது பாரு. பட்டுல ஒரு தடவ மடிப்பு விழுந்துட்டா அவ்வளவுதான், அப்புறம் பாத்துப் பதவிசாத்தான் கட்டணும்."

லோகேஸ்வரி கேபிளைப் பார்த்தார். இதில் எண்பது நரம்புகள். அதற்கும் முந்தைய காலத்துக் கேபிளில் நாற்பதுதான், அதனால் கெர்னல் அதில் தகவலை அடக்கமான வேகத்தில்தான் அனுப்பும். இது சேதமான எண்பது. இதை நாற்பது என்றே நினைத்துக்கொள் என்று கெர்னலிடம் ஒரு பொய் சொன்னால்? வழியை அடைக்க வேண்டியதில்லை, மெதுவாகப் போனால் போதும். அப்படிச் சொல்ல ஒரு வரி இருக்கத்தான் செய்தது. தட்டினார்:

libata.force=40c

கணினி எழுந்தது. பிழைச்செய்தி ஒன்றுகூட இல்லை. பாட்டைப் போட்டார், ஒன்றரைக் கட்டை இறக்கத்தோடு. விக்கல் இல்லாமல் கடைசி அடிவரை ஓடியது. நாலு வருஷமாக ஒருவருக்காகச் சொல்லாமல் செய்துவந்ததை இன்று ஒரு கணினிக்கும் செய்தோம் என்று தோன்றியபோது லோகேஸ்வரிக்குக் கண் கலங்கிவிட்டது. அஞ்சம்மாள் மிளகாய் கடித்துவிட்டாயா என்று கேட்டுத் தண்ணீர் கொடுத்தார்.

(உண்மையான கேள்வியின் கடைசியில், அந்தக் கிள்ளான்காரர் திங்கட்கிழமை இரண்டே சொல் எழுதியிருந்தார்: "தீர்ந்தது. நன்றி." ஞாயிறு என்ன நடந்தது என்று ஒரு வார்த்தை இல்லை. இனி என் பாடு.)

7

முடிவு அ: ராதாகிருஷ்ணன் பாடுகிறார், கைதட்டல், அவருக்கு எதுவும் தெரியாது. லோகேஸ்வரி சின்னத் திரையைப் பார்த்துச் சிரித்துக்கொள்கிறார். நல்ல முடிவுதான். ஆனால் இன்னும் நாலு வருஷம் இப்படியே ஓடும்.

முடிவு ஆ: டிஸ்க் நடுப்பாட்டில் நிற்கிறது, ராதாகிருஷ்ணன் இசை இல்லாமல் பாடி இரண்டு ஊரையும் அழவைக்கிறார். சீச்சீ. நான் அவ்வளவு மோசமான ஆள் இல்லை.

முடிவு இ: கமலநாதன் டிவியைத் தூக்கிக்கொண்டு படியேறும்போது—

போதும். ராதாகிருஷ்ணன் வந்துவிட்டார்.

8

அவர் பாடினார். டிஸ்க் நிற்கவில்லை. மேல் இடம் வந்தபோது லோகேஸ்வரி மேசைக்கு அடியில் தாவணிக்காரப் பெண்போல விரல்களைக் கோத்துக்கொண்டார். குரல் கொஞ்சம் தடுமாறி, பிடித்துக்கொண்டு உட்கார்ந்தது. சாலாக் செலாத்தான்காரர்கள் எழுந்தே கைதட்டி, இன்னொன்று பாடுங்கள் என்று பிடித்துக்கொண்டார்கள்.

ராதாகிருஷ்ணன் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தபடி கணினி மேசைக்கு வந்தார். மைக்கை வைத்துவிட்டுத் தண்ணீர் குடித்தார். சின்னத் திரை அவர் பக்கம் திரும்பியிருக்கவில்லை. அவரும் அதைப் பார்க்கவில்லை.

"அடுத்ததுக்கு இன்னும் அரைக் கட்டை எறக்கிடுங்க மேடம்" என்றார், தாழ்ந்த குரலில். "ஒன்னரை இப்பல்லாம் பத்த மாட்டேங்குது. வயசாகுது லா."

சொல்லிவிட்டு, பாட்டு வரிகள் ஓடும் திரையை நோக்கி நடந்தார்.

(இந்த வசனத்தை நான் எழுதவில்லை. சத்தியமாக. அவர் சொன்னார், நான் குறித்துக்கொண்டேன்.)

ஆக, தெரியும். முதல் நாளிலிருந்தே தெரியும். லோரியில் தினமும் பிராக்டிஸ் பண்ணியது அந்த ஒன்றரைக் கட்டை இறக்கத்தில்தான். லோகேஸ்வரியின் கை தானாகப் போய் ஒன்றரையை இரண்டாக்கி, பாட்டையும் தட்டியது. முகம் சுட்டது. அப்போதுதான் பார்த்தார், மைக் மேசையிலேயே இருக்கிறது. மனுஷர் வெறுங்கையோடு போய் நின்றுகொண்டிருக்கிறார்.

பாட்டின் முன்னிசை தொடங்கிவிட்டது. நடுவில் நாற்பது நாற்காலி, வடைத் தட்டோடு அஞ்சம்மாள், இரண்டு ஊர் ஜனம். அருகே போய் நிற்க வழி இல்லை. இந்தச் சத்தத்தில் கனைத்தால் யாருக்கும் கேட்காது. கூப்பிட்டே ஆக வேண்டும். லோகேஸ்வரி மைக்கைக் கையில் எடுத்தார். அது அணைக்கப்படாமல் இருந்தது. வாய் திறந்து, மேல்மாடி முழுக்கக் கேட்கும்படி அவரைக் கூப்பிட்டார்:

"[                    ]"

ராதாகிருஷ்ணன் திரும்பிப் பார்த்தார்.

அந்த அடைப்புக்குறியை உங்களுக்காகக் காலியாக விட்டிருக்கிறேன். எனக்கு மூன்று சொல் தோன்றியது, மூன்றையும் அடித்துவிட்டேன், அது நான் சொல்ல வேண்டியது இல்லை. உங்களுக்குப் பிடித்ததைப் போட்டுக்கொள்ளுங்கள். கையெழுத்து நன்றாக இல்லாவிட்டாலும் பரவாயில்லை. ஒரே ஒரு வேண்டுகோள்தான். அண்ணே என்று மட்டும் நிரப்பித் தொலைத்துவிடாதீர்கள்.